எத்தனை தண்ணி?

அந்தத் தீவில் இருந்த வானிலை நிலையத்துக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை படகு வரும். படகில் காய்கறி வரும், கடிதம் வரும், பழைய செய்தித்தாள் வரும், சில சமயம் மாற்றலாகி வருகிற ஆள் ஒருவன் வாந்தி எடுத்தபடி வருவான். காய்கறி ஏழு நாளைக்குத் தாங்கும். எட்டாம் நாள் காலையில் கூடையைக் கவிழ்த்தால் முளைவிட்ட உருளைக்கிழங்கு இரண்டும் கொஞ்சம் வெங்காயச் சருகும் விழும். அதற்கப்புறம் படகு வரும் வரை, நிலையத்தில் இருந்த பதினாலு பேருக்கும் கரையில் முளைத்ததுதான் காய்கறி.

இந்த ஐந்து நாளுக்காகத்தான் உப்பக்கா அங்கே இருந்தாள். மற்ற ஏழு நாளும் அவள் சாதாரண சமையல்காரி. குழம்பு சுமார். சோறு சில நாள் குழையும். பலகாரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆனால் எட்டாம் நாள் விடிந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கரையில் முளைப்பதெல்லாம் கீரையாகிவிடாது. அடப்பங்கொடி மணல் முழுக்கப் படர்ந்து ஊதாப் பூ பூக்கும். ஜெல்லி மீன் பட்டு எரிகிற இடத்தில் அரைத்துப் பூசலாம், அதோடு சரி. புன்னைக்கொட்டை எண்ணெயை மூட்டில் தேய்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். காட்டு அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்து ஆசை காட்டும். வானிலை பார்க்கப் பலூன் விடுகிற பலூன்காரர் ஒருவர் முற்றிய கொட்டையை அவித்துத் தின்றுவிட்டு இரண்டு நாள் வானம் எது, தரை எது என்று தெரியாமல் கிடந்தார். வானத்தை அளக்கத்தான் அவருக்குச் சம்பளம் என்பதால் அந்த இரண்டு நாள் விடுப்பாக எழுதப்பட்டது. தின்னக் கூடியவை என்று பார்த்தால், உப்பங்கழி ஓரத்தில் நிற்கிற உமரி, பாறை இடுக்கில் படர்கிற சிவந்த தண்டுக் கீரை ஒன்று, கரை வாதுமையின் பருப்பு, வேறு வழியே இல்லாவிட்டால் நுணாக்காய். வயிறு நிரப்புவது முதல் இரண்டும்தான். அந்த இரண்டுக்கும் உடம்பெல்லாம் உப்பு.

உப்பை இறக்க ஒரே வழி, கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது. ஒருமுறை கொட்டினால் ஒரு தண்ணி. இரண்டு முறை கொட்டினால் ரெண்டு தண்ணி. கோடையில் மூணு தண்ணிகூட ஆகும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். தீவில் நல்ல தண்ணீர் மழைநீர்த் தொட்டியில் மட்டும்தான் இருந்தது. ஒரு தண்ணி கூடிப்போனால் எட்டு லிட்டர் வீண், கீரையும் சப்பென்று ஆகிவிடும். ஒரு தண்ணி குறைந்துபோனால் பதினாலு பேரும் சாயங்காலம் வரை தொட்டிக்கும் அறைக்குமாக நடப்பார்கள், எட்டு லிட்டர் நாற்பதாகிவிடும். அளவாகக் கொட்டினால் இலையின் உப்பே கறிக்குப் போதும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பக்கா இருபத்திரண்டு வருஷம் உப்பு டப்பாவைத் திறக்காமலே கீரை ஆக்கினாள், ஒரு பிடிகூடக் குப்பைக்குப் போகவில்லை.

அவள் முறையைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பறிக்கிற இடத்திலேயே ஓர் இலையைக் கிள்ளி வாயில் போடுவாள். முன்பல்லால் நான்கு கடி, நாக்கோரத்தில் ஒரு சுற்று, துப்பிவிடுவாள். "ரெண்டு தண்ணி," என்பாள். அவ்வளவுதான். நிலையத் தலைவர் எதையும் அளக்காமல் நம்பாதவர், அதனால் அவருக்கு அளவு சார் என்று பெயர். அவரே ஒருமுறை ஏதோ கருவியை வைத்து ஒரு மாதம் அவளைச் சோதித்தார். மாதக் கடைசியில், கருவியில்தான் கோளாறு என்று எழுதி அதைப் பழுதுபார்க்க அனுப்பினார்.

உப்பக்காவின் புருஷன் ஜெனரேட்டர் பார்ப்பவர். அவருடைய தம்பி படகுத்துறையில் கயிறு பிடிப்பவன். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுச்சுவர் ஒன்றே ஆன இரண்டு வீடு. தம்பி பொண்டாட்டியை எல்லாரும் சின்னவள் என்பார்கள். உப்பக்காவுக்கு ஓரகத்தி, சமையலறையில் உதவி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அப்போதிருந்த தலைவர் ஓய்வு பெற்ற விருந்தில், அவர் கீரையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது யார் கைப்பக்குவம்?" என்று கேட்டார். உப்பக்கா முதல் தண்ணியைக் கொட்டிவிட்டுப் புடவை மாற்றப் போயிருந்தாள். மிச்சத்தைச் செய்து இறக்கியது சின்னவள். "நான்தான் சார் இறக்கினேன்," என்று கூச்சத்தோடு சொன்னாள். உண்மையும் அதுதான். வாசலுக்கு வந்த உப்பக்காவின் காதில் அது விழுந்தது. "அவ கை பட்டா அது கீரை இல்ல, பாசி. மிச்சத்த வச்சிருங்க, மீனுக்குப் போட்டுக்கலாம்," என்றாள், அத்தனை பேரும் கேட்க. எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பேச்சு நின்றது. கீரைப் பாத்திரத்தின் பக்கம் சின்னவள் திரும்புவதும் நின்றது. வேலை மட்டும் நிற்கவில்லை. உப்பக்கா அடுப்பைப் பார்த்து, "வெங்காயம் அரிஞ்சாச்சான்னு தெரியலையே," என்பாள். சின்னவள் கத்தியைப் பார்த்து, "அப்பவே அரிஞ்சாச்சு," என்பாள். அடுப்பும் கத்தியும் ஒன்பது வருஷம் ஒரு சொல் பிசகாமல் சேதி கொண்டுபோயின. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் பயப்படுவார்கள், பிறகு பழகிவிடும்.

நாலு மாதத்துக்கு முன்னால் படகில் வந்தவன் ஒருவன் காய்ச்சலையும் கூடவே கொண்டுவந்தான். வரிசையாக எல்லாரும் படுத்தார்கள், வரிசையாக எழுந்தார்கள். உப்பக்காவும் ஆறு நாள் படுத்து எழுந்து, எட்டாம் நாள் காலை கூடையோடு கழியோரம் போனாள். உமரி ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். நான்கு கடி, ஒரு சுற்று. ஒன்றுமில்லை. நனைந்த காகிதத்தைக் கடித்த மாதிரி இருந்தது. இன்னொன்று கிள்ளினாள். அதுவும் அப்படியே. குனிந்து கடல் தண்ணீரையே கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அழகு போனால் போகட்டும் என்று இருந்தவள், நகை போனபோதும் பேசாமல் இருந்தவள், இப்போது பயந்துபோனாள். அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த நாக்குதான், அதை வைத்துத்தான் அவள் அந்தத் தீவில் ஓர் ஆளாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் பெரிய தீவில் ஒரு நர்ஸ் உண்டு, வயர்லெஸ்ஸில் பிடிக்கலாம். வயர்லெஸ்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு" என்று உப்பக்கா ஆரம்பித்தாள்.

"தானா வந்துரும்," என்றாள் நர்ஸ்.

"எப்ப வரும்?"

"சிலருக்கு ரெண்டு மாசம். சிலருக்கு வராது."

"ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லி உப்பக்கா வைத்துவிட்டாள்.

வெளியே சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் ஒருமுறை முயன்று பார்க்கத்தானே செய்கிறோம். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று எங்கோ கேட்டிருந்தாள். கீரை கொதித்த தண்ணீரில் முட்டையைப் போட்டாள். மூழ்கியது. அடுத்த நாள் போட்டாள். மூழ்கியது. எந்தத் தண்ணீரிலும் அது மூழ்கியே தீர்வது என்று இருந்தது. அந்த வாரம் பதினாலு பேருக்கும் காரணம் தெரியாமல் ஆளுக்கொரு அவித்த முட்டை கிடைத்தது.

அடுத்தது புருஷன். ஒரு கரண்டி கீரையை அவர் வாயில் போட்டு, "உப்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"இருக்கு."

"அதிகமா இருக்கா, கம்மியா இருக்கா?"

"இருக்கு, இருக்கு," என்றார் அவர், சமாதானம் சொல்கிற மாதிரி. முப்பது வருஷம் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவர். காது பாதி போயிருந்தது. மற்றவை எந்த நிலையில் இருக்கின்றன என்று யாரும் சோதித்ததில்லை.

கடைசியில் கண்ணை நம்பினாள். தண்டு சிவந்திருந்தால் மூணு, பச்சையாக இருந்தால் ஒன்று, மழை பெய்த மறுநாள் என்றால் ஒன்று குறைத்துக்கொள்வது. பாதி நாள் சரியாக வந்தது. மீதி நாள் பலூன்காரர்கள் கையில் குவளையோடு தொட்டியடியில் வரிசை கட்டினார்கள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் தப்பாத ஒருத்தியிடம், தாகமாக இருக்கிறது என்று எப்படிப் போய்ச் சொல்வது? தங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்துப் படகில் அனுப்பினார்கள்.

தொட்டி மட்டும் பொய் சொல்லவில்லை. தினமும் காலையில் அதில் குச்சி விட்டு அளப்பது அளவு சாரின் வழக்கம். ஒருநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கட்டம் போட்ட தாள் ஒன்றை மேஜைமேல் விரித்தார். தொட்டித் தண்ணீரின் செலவு ஒரே கோடாக ஓடி, அங்கங்கே ஐந்து ஐந்து நாளைக்குத் துள்ளிக் குதித்தது.

"அக்கா, இந்தத் துள்ளல் எல்லாம் கீரை போடுற நாள்லதான் வருது. நாலு மாசமா."

"வெயில் சார்."

"வெயில் இங்க இருக்கு," என்று இன்னொரு தாளை விரித்தார். அதில் கோடு சாதுவாக இருந்தது.

"எல்லாருக்கும் வயசாகுதில்ல சார்."

அதற்கு அவரிடம் தாள் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டவில்லை. அளவு சார் கெட்டவர் அல்ல. கையில் இருக்கிற எண்ணை விட்டுவிட்டு அறிக்கை அனுப்ப அவரால் முடியாது, அவ்வளவுதான். அறிக்கை போயிற்று. அடுத்த படகில் பதில் வந்தது: உணவு ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். அந்த அம்மாளை எல்லாத் தீவிலும் டப்பாம்மா என்று சொல்வார்கள். ஏற்கெனவே இரண்டு நிலையங்களில் சமையலறையைப் பூட்டிவிட்டு டப்பா உணவுக்கு எழுதிவிட்டுப் போனவர். அந்த இரண்டு இடத்திலும் சமையல்காரிகளும் உதவிகளும் குடும்பத்தோடு அடுத்த படகில் ஏறினார்கள். உப்பக்காவுக்கு ஏறிப் போக ஊர் என்று எதுவும் மிச்சமில்லை.

அந்த வாரம்தான் நுணாப்பழம் வந்தது. முழங்கால் வலிக்குப் பற்றுப் போடச் சின்னவள் பழுத்த நுணாப்பழம் ஆறு பொறுக்கி வந்து சமையலறை மூலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பழுத்த நுணாவின் நாற்றம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளாமலே இருக்கலாம். தேநீர் கேட்க வந்த பலூன்காரர் வாசலோடு திரும்பினார். பூனை ஜன்னல் வழியாக வெளியேறியது. உப்பக்கா அதே மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நிதானமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த சின்னவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி உள்ளே வந்தாள். அவளையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கிலிருந்த கையை மெல்ல இறக்கினாள். பிறகு பழத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கத்தியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கை இறங்கியதை உப்பக்கா பார்த்துவிட்டாள். மூக்கும் நாக்கும் செத்த சங்கதி வெளியே போயிற்று, அதுவும் யாரிடம் போகக் கூடாதோ அவளிடமே போயிற்று. அன்றிலிருந்து சின்னவள் அளவு சாரின் அறைப்பக்கம் நடந்தாலே இவள் கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உப்பக்கா வெளியே, சின்னவள் உள்ளே. சின்னவளின் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் கசந்தது. கசப்பு என்றால் நாக்கில் அல்ல.

படகு வந்தது. டப்பாம்மா இறங்கினார். ஒல்லியான, துப்புரவான அம்மாள், குதிகால் உயர்ந்த செருப்பு. படகில் காய்கறி வந்திருந்தும், "எனக்கு அது வேண்டாம். கரையில பறிக்கிறதத்தான் பார்க்கணும், அதத்தான் சாப்பிடணும்," என்றார். சாயங்காலம் நாலு மணிக்குப் படகு திரும்பும்.

எல்லாருமாகக் கழியோரம் போனார்கள். முன்னால் உப்பக்கா, பின்னால் கூடையோடு சின்னவள், அவளுக்குப் பின்னால் குறிப்பேட்டோடு அளவு சார், கடைசியில் அடிக்கு ஒருமுறை செருப்பை மணலிலிருந்து பிடுங்கியபடி டப்பாம்மா.

"எத்தனை தண்ணின்னு எப்படிச் சொல்றீங்க? செஞ்சு காட்டுங்க."

உப்பக்கா குனிந்து உமரியைக் கிள்ளினாள். தண்டு நல்ல சிவப்பு. மூன்று வாரமாக மழை இல்லை. வாயில் போட்டு நான்கு கடி கடித்து, ஒரு சுற்றுச் சுற்றித் துப்பினாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

"மூணு தண்ணி," என்றாள்.

டப்பாம்மா எழுதப் போனார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னவள் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள், கூடையைப் பார்த்துப் பேசினாள்.

"அவ்வளவு உப்பு இருக்கிற மாதிரி தெரியலையே."

"யார்கிட்டப் பேசறாங்க?" என்றார் டப்பாம்மா.

"கூடைகிட்ட மேடம்," என்றார் அளவு சார். "பழக்கம்தான்."

உப்பக்காவுக்குக் காது சூடாயிற்று. ஒரு சொல் போதும், வாயை மூடிவிடலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூடினாளே, அந்த மாதிரி. எல்லாரும் சிரிப்பார்கள். டப்பாம்மாவும் சிரிக்கக்கூடும். சின்னவள் காலை வாருகிறாளா, கை கொடுக்கிறாளா என்று கண்டுபிடிக்க வழியில்லை. சுவை தெரிந்தால்தானே பொய்யா நிஜமா என்று தெரியும்? இன்னோர் இலையைக் கிள்ளிக் கையில் உருட்டினாள். பிறகு திரும்பினாள். கூடையைப் பார்க்கவில்லை, சின்னவளின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு," என்றாள். "நாலு மாசமாச்சு."

"தெரியும்," என்றாள் சின்னவள். அவளும் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்டச் சொல்றது? கத்திகிட்டயா?"

அளவு சார் குறிப்பேட்டை மூடினார், பிறகு திறந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டப்பாம்மாவின் பேனா நின்றிருந்தது. இதற்குமேல் மறைக்க எதுவும் இல்லை என்று ஆனபிறகு உப்பக்காவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வேலை நினைவு வந்தது.

"சரி, சொல்லு. எவ்வளவு உப்பு?"

"உப்புன்னா உப்பு. அதுல என்ன எவ்வளவு?" சின்னவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஒன்பது வருஷம் அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்க்காதவள்.

"வேர்வை உதட்டுல பட்டா இருக்குமே, அவ்வளவா?"

சின்னவள் இன்னோர் இலையை மென்றாள். "அதவிட ஜாஸ்தி."

"கடல் தண்ணி அளவுக்கா?"

"அவ்வளவு இல்ல. கண்ணீர் மாதிரின்னு சொல்லலாம்."

"எந்தக் கண்ணீர்? வெங்காயம் அரியறப்ப வர்றதா?"

"இல்ல," என்றாள் சின்னவள். "மத்தது."

உப்பக்கா கையிலிருந்த இலையைக் கூடையில் போட்டாள்.

"அப்ப ரெண்டு தண்ணி," என்றாள்.

"கண்ணீர்னா லிட்டருக்கு எத்தனை கிராம்னு வச்சுக்கலாம்?" என்று அளவு சார் கேட்டார். பிறகு அவரே நிலையத்திலிருந்து இறங்குகிற சரிவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓ, சரிதான். மழைமானி கழுவுற தண்ணிய ஒரு மாசமா இந்தப் பக்கம்தான் விடறேன். தினம் ஆறு லிட்டர். அதான் உப்பு இறங்கியிருக்கு." இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சமையலறையில் டப்பாம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் தண்ணி கொதித்தது, கொட்டினார்கள். இரண்டாம் தண்ணி கொதித்தது. சின்னவள் ஓர் இலையை எடுத்து ஊதி வாயில் போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா. கொதி போதாது."

உப்பக்காவின் இருபத்திரண்டு வருஷக் கணக்குப்படி அது கொட்ட வேண்டிய நேரம். கை துணியைப் பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கவும் தூக்கிவிட்டது. பிறகு திரும்ப அடுப்பிலேயே வைத்தாள். கொதிக்கட்டும் என்று நின்றாள். அப்படி நிற்கும்போதுதான் அவளுக்கு வாய் வந்தது.

"அன்னைக்கு விருந்துல நான் சொன்னது தப்பு."

"ஆமா, தப்புதான்," என்றாள் சின்னவள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. "இப்பக் கொட்டலாம்."

கொட்டினார்கள். பூண்டும் வெங்காயமும் வதக்கிப் போட்டுக் கிளறி இறக்கினார்கள்.

சாப்பாட்டு அறையில் அன்றைக்கு இருந்த அமைதி புயல் எச்சரிக்கை நாளில்கூட இருந்ததில்லை. விஷயம் பதினாலு பேருக்கும் எட்டியிருந்தது. தண்ணீர்க் குவளையைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை. ஒரு பலூன்காரருக்கு விக்கல் எடுத்தது. பாவம், அப்படியே விக்கிக்கொண்டு சாப்பிட்டார். டப்பாம்மா முதல் வாயை மெதுவாக மென்றார். இரண்டாவது வாய். பிறகு சோற்றை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிசைந்து, கீரைப் பாத்திரத்தைக் கண்ணால் காட்டினார். சாப்பிட்டு முடித்து அரைக் குவளை தண்ணீர் குடித்தார். அளவு சார் எழுதிக்கொண்டார்.

கை கழுவி வந்ததும் டப்பாம்மா இருவரையும் எதிரில் நிற்கவைத்தார்.

"இந்தச் சமையலறையப் பூட்ட எனக்கு மனசு வரல. ஆனா சமையல்காரி ருசி பார்த்துத்தான் பரிமாறணும்னு விதி இருக்கு. உங்களால முடியாது."

"முடியாதும்மா," என்றாள் உப்பக்கா.

"உங்களால முடியுமா?"

"உப்புன்னு சொல்ல முடியும். எத்தனை தண்ணின்னு சொல்லத் தெரியாதும்மா," என்றாள் சின்னவள். "அது அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க பக்கத்துல இல்லன்னா பதினாலு பேரும் தொட்டியையே குடிச்சுத் தீர்த்துருப்பாங்க."

டப்பாம்மா யோசித்தார். இரண்டு பேரைச் சேர்த்து ஒரு சமையல்காரியாக எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. உள்ள இடத்தில் எழுதினார்: சமையல்காரி என்ற இடத்தில் சின்னவளின் பெயர், உதவி என்ற இடத்தில் உப்பக்காவின் பெயர். இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துச் சமையல்காரி ஒரு கையெழுத்தில் உதவியானாள். வலித்தது. வலிக்கவில்லை என்று பிறகு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து அவள் அதைப் பிடித்தபடியே நின்றதைச் சின்னவள் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துரட்டுமாக்கா?"

"சும்மா இரு. டப்பா வந்துரும்."

படகு நாலு மணிக்குக் கிளம்பியது. கொழுந்தன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். டப்பாம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார்.

அதற்கப்புறம்தான் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாலு மாதமாக உப்பக்கா உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுத் தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். எதைப் போட்டாலும் நனைந்த காகிதம், எதற்கு உட்கார வேண்டும்? ரவிக்கை தோளில் தொளதொளவென்று இறங்கியிருந்தது. புருஷன் அதைக் கவனித்து, "துணி விரிஞ்சு போச்சு," என்று மட்டும் சொல்லியிருந்தார். இன்றைக்குச் சின்னவள் இரண்டு தட்டைத் தரையில் பக்கம் பக்கமாக வைத்ததால் உட்கார வேண்டியதாயிற்று.

உப்பக்கா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றாள். வழக்கம்போல ஒன்றுமில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"எங்க வீட்டு மனுஷன் மாதிரிச் சொல்லாத. நல்லா இருக்குன்னா என்ன இருக்கு? ஒண்ணொண்ணாச் சொல்லு."

சின்னவள் கையைத் தட்டில் வைத்து யோசித்தாள். இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல உப்பு வருது. வந்த உடனே போயிருது, நிக்கல. அதுக்கப்புறம் பூண்டு. நல்லா வதங்கின பூண்டு, காரம் இல்ல."

உப்பக்காவும் ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தாடை மெல்ல அசைந்தது.

"ம்."

"ஓரத்துல லேசாப் புளிப்பு மாதிரி ஒண்ணு. தண்டுலருந்து வருதுன்னு நினைக்கிறேன். கடிச்சா தண்ணி விடுது. கடைசியில தொண்டைகிட்டப் போறப்ப…"

"இரு, இரு," என்று உப்பக்கா அவசரமாகச் சின்னவளின் கையைப் பிடித்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, மெல்லுவதை அவள் நிறுத்தவில்லை. "மெதுவாச் சொல்லு. நான் இன்னும் முழுங்கல."